நாலு மூலை ஸ்பீக்கர்

திங்கட்கிழமை, மதியம்

என்னவருக்கு,

இங்கே நான், அத்தை, நம் பெண் மூவரும் சுகம். நீங்கள் வாங்கச் சொன்ன ஹாலில் தொங்கும் ஸ்பீக்கர்கள் எங்கள் எல்லாரையும் விட நல்ல சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல ஆரம்பித்தாலே, 'எல்லாத்தையும் கடுதாசில எழுது, உன் கையெழுத்தப் பாத்து நாளாச்சு' என்கிறீர்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்கு இப்படி ஓர் ஆசையா என்று நினைத்தேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும் உங்களுக்குக் கடுதாசி போட்டுத்தான் சொல்ல வேண்டுமா? சரி, கேட்டது நீங்கள். கொட்டாவி விடாமல் முழுசும் படியுங்கள்.

நம் காப்பகத்துக் குழந்தைகளை எல்லாம் புது இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். நம் வீட்டு முன்னறையில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடந்தவை, இப்போது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தவழ்கின்றன. தரை நல்ல வழவழப்பு, ஆடுவதற்காகப் போட்ட தரையாயிற்றே. ஜன்னல்கள் பெரிசு. பின்னால் ஒரு சின்ன அறை, தண்ணீர்க் குழாய், பால் புட்டி வைக்க ஃபிரிட்ஜ். குறை ஒன்றும் இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

சாவியைக் கொடுத்த அன்று பழைய ஓனர், தெருவே டிஸ்கோ மாமா என்று கூப்பிடுகிறதே அவர்தான், நாலு மூலையிலும் இரும்புச் சட்டத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டிகளைக் காட்டி, 'இதெல்லாம் உங்களுக்கு ஃப்ரீம்மா, ராசியான செட்டு, எத்தனை பார்ட்டி பாத்திருக்கு தெரியுமா' என்றார். ஏதோ தானம் செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கழற்றிக்கொண்டு போக அவருக்கே வழி தெரியாமல்தான் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது. போன் செய்து கத்தினால், 'அது அப்படித்தான்மா இருக்கும், போகப் போகப் பழகிடும்' என்கிறார். பழகிப் போவதற்கு நான் என்ன அதைக் கல்யாணமா பண்ணிக்கொண்டேன்?

விஷயம் இதுதான். ஆம்பிளிஃபயரைச் சுவருக்குள்ளே ஓர் அலமாரி கட்டி அதற்குள் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. பிளக்கும் கிடையாது. ஒயர் நேராகச் சுவருக்குள் போகிறது. ஹால் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஆம்பிளிஃபயர் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ். விளக்கு வேண்டுமென்றால் அதுவும் சேர்ந்து உயிரோடு இருக்கும். சத்தத்தைக் குறைக்கலாம் என்று திருகினால், அந்தத் திருகு எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாள் பூராவும் ஹாலில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் நாலு மூலையிலும் 'டொப்' என்று ஓர் அடி. தட்டித் தட்டித் தூங்கவைத்த பிள்ளைகள் அத்தனையும் அந்த ஒரு டொப்பில் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதோடு போனால் பரவாயில்லை. தெருவில் போகிற வாடகைக் கார்களின் வயர்லெஸ் பேச்சு எல்லாம் நம் ஸ்பீக்கரில் வருகிறது. நேற்று முன்தினம் ஹால் முழுக்கப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, 'அட்ரஸ் தப்பா குடுத்துட்டு என்னைய ஏன்யா திட்டுற' என்று ஒரு ஆண் குரல் இடி மாதிரி கேட்டது. நான் பதறிப்போய்க் கதவைப் பார்த்து, யாரப்பா அது, உள்ளே வராதே என்று கத்திவிட்டேன். அத்தை இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வியாழக்கிழமை நடந்ததுக்கு அவராலும் சிரிக்க முடியவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தது. அலமாரிக்குள் பாட்டு போடுகிற பெட்டி ஒன்றும் இருக்கிறதாம், எங்களுக்குத் தெரியாது. என்றைக்கோ பாதியில் நின்ற பாட்டு, விசிலும் கூச்சலுமாக, முழுச் சத்தத்தில் கிளம்பியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து அச்சுப் பிரஸ்காரர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். சரியாக அந்த நேரத்துக்கா தன் குழந்தையை எடுக்க ஒரு நர்ஸம்மா வர வேண்டும்? பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, 'நான் டூட்டில நிம்மதியா இருக்கணும்னுதான் உங்ககிட்ட விடறேன், இன்னொரு தடவ இப்படின்னா வேற இடம் பாத்துக்குவேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அலமாரியைத் திறந்தவர், திறந்த வேகத்திலேயே மூடினார். 'அக்கா, இதுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு போட்டவனுக்கே தெரியாது' என்றார். தைரியமாக ஒன்றை வெட்டினார், காலிங் பெல் செத்துப்போனது. முனகல் அப்படியே இருக்கிறது. சுவரை உடைத்து, பெட்டிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒயர் இழுப்பதுதான் ஒரே வழி என்கிறார்.

அதற்குத்தான் உங்கள் அனுமதி கேட்கிறேன். கேட்கும்போதே உங்கள் பதில் எனக்குத் தெரியும். 'நீ கைய வைக்காத, நான் வந்து பாத்துக்கறேன்.' நாம் பார்த்த மூன்று இடங்களில் இதைத்தான் வாங்க வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றது இந்தப் பெட்டிகளுக்காகத்தானே. பகல் உனக்கு, சாயங்காலம் எனக்கு, நீ பிள்ளைகளைப் பார், நான் செட்டைச் சரிபண்ணி ஹாலை ஆட்டம் பாட்டத்துக்கு வாடகைக்கு விடுகிறேன் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஆம்பிளிஃபயர் பழுது பார்த்த கையை வெளிநாட்டில் அந்தத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் கொண்டுபோய் வைத்ததே சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்றுதான். இடம் வந்துவிட்டது. அதனால்தான் அந்தக் காலிங் பெல் ஒயருக்கு மேல் இன்னொன்றைத் தொடவிடாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லுவார்கள். நீங்கள் போடக்கூடாது, கிளம்பி வர வேண்டும். போனில் இதைக் கேட்டால் 'பாக்கலாம், பாக்கலாம்' என்று நழுவுகிறீர்கள். என்னத்தைப் பார்ப்பது?

இன்னொன்று. போன வாரம் நம் பெண் கணக்கில் ஃபெயில் என்று பயந்து பயந்து உங்களிடம் சொன்னாளாம். 'ரொம்ப நல்லது, சந்தோஷம்மா' என்றீர்களாம். அவள் போனை வைத்துவிட்டு அழுகிறாள், அப்பாவுக்கு என் மேல் அக்கறையே இல்லை என்று. வேலை அலுப்பு இருக்கும்தான். அதற்காகப் பெற்ற பிள்ளை பேசுவதைக்கூடக் காதில் வாங்காமல் பதில் சொல்லலாமா? அவளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அனுமதியைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நீங்களே கிளம்பி வாருங்கள்.

பொறுமையின் கடைசிப் படியில் நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி


ஞாயிற்றுக்கிழமை, மாலை

என்னவருக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பொய் சொல்லுவீர்கள்.

இன்று காலையில் நாம் பேசினோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே கூப்பிட்டீர்கள். 'ஒண்ணும் உடைக்க வேணாம், போனை ஒவ்வொரு ஸ்பீக்கர் கிட்டயும் கொண்டுபோய்ப் பிடி, நான் கேட்டு என்ன கோளாறுன்னு சொல்றேன்' என்றீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடை வைத்திருந்தபோது எத்தனை பேர் இப்படிப் போனை நீட்டி உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். முனகலை வைத்தே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவீர்களே. மனுஷன் இறங்கிவிட்டார், இனிக் கவலை இல்லை என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

முதல் பெட்டிக்கு நேரே போனைப் பிடித்த பிறகுதான் மேலே மின்விசிறி நிற்பதைப் பார்த்தேன். காலிங் பெல்லைச் சரிபண்ண எலக்ட்ரீஷியன் காலையிலேயே வந்து ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒயர் வாங்கப் போயிருந்தார். கரண்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் இல்லை. பிரஸ்ஸும் மூடியிருந்தது. ஹாலில் பொட்டுச் சத்தம் கிடையாது. ஐயோ, இருங்க, கரண்ட் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் நீங்கள், 'ஆங், கேக்குது, நல்லா கேக்குது, எர்த் சரியில்ல' என்றீர்கள்.

'அடுத்தது' என்றீர்கள். நான் இறங்கி, முக்காலியை நகர்த்தி, இரண்டாவது பெட்டிக்குப் போனைப் பிடித்தேன். 'இதுல பேப்பர் கோன் லேசா கிழிஞ்சிருக்கு, கரகரங்குது பாரு' என்றீர்கள். மூன்றாவதுக்குப் போனேன். நாலாவதுக்கும் போனேன். நாலாவதில் சிரித்துக்கொண்டே, 'இது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு, சத்தம் சுத்தமா வருது' என்றீர்கள். நான் முக்காலி மேல் நின்றுகொண்டே அழுதேன். அந்த அழுகையும் உங்களுக்குக் கேட்கவில்லை. 'சரி, சரி, நல்லது, அம்மாகிட்ட கேட்டதா சொல்லு' என்று வைத்துவிட்டீர்கள்.

வைத்த பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கையெழுத்தைப் பார்க்க ஆசையாம், கடுதாசி எழுத வேண்டுமாம். பெண் ஃபெயில் என்றால் சந்தோஷமாம். எது கேட்டாலும் 'பாக்கலாம்', எது சொன்னாலும் 'நல்லது'. அந்தப் பிள்ளையிடம் உங்களுக்கு அக்கறை இல்லை என்று நானும் சேர்ந்து நினைத்தேனே.

உங்கள் அறையில் கூட இருக்கும் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன். கோபப்படாதீர்கள், அவர் தானாகச் சொல்லவில்லை, நான் விடவில்லை. உங்களுக்குக் கடிகார மணி கேட்பதில்லை, அவர்தான் தினமும் தட்டி எழுப்புகிறாராம். போன மாதம் பின்னால் சரக்கு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம், நீங்கள் திரும்பவே இல்லையாம், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். 'சொன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயப்படறாரும்மா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு' என்றார். அடப்பாவி மனுஷா! வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றா பயம்? நான் இங்கே எப்போது அனுப்புவார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அந்த மிஷின் சத்தத்தில் காதில் அடைப்பான்கூட வைக்காமல் நின்றிருக்கிறீர்கள். கேட்டால் மிஷின் சத்தம் மாறினால் தெரிய வேண்டுமே என்று ஒரு சமாதானம் வைத்திருப்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? மிஷினுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? காது மந்தம் என்றால் விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்றா நினைத்தீர்கள்? உங்களோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் நான் எங்கேயும் ஓடவில்லையே.

முதலில் டாக்டரிடம் போங்கள். நாளைக்கே. அங்கே பயமாக இருந்தால் இங்கே வந்து பார்க்கலாம். சிகிச்சை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லலாம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் இன்னொரு ஒப்பந்தக் காலம் நீங்கள் நிற்கக்கூடாது. மிச்சம் இருப்பதும் போய்விடும். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு வண்டி வந்துவிடும். இதற்கு மேல் எழுதவில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


செவ்வாய்க்கிழமை

என்னவருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினால் நீங்கள் ஒரு கால் பக்கம் எழுதுவீர்கள், அது தெரிந்ததுதான். இந்த முறை அந்தக் கால் பக்கத்தில் என்னை நன்றாகவே சாகடித்திருக்கிறீர்கள்.

'அந்த ஸ்பீக்கர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடு. எனக்கு இனிமே அது எதுக்கு. காது கேக்காதவன் அங்க வந்து என்ன பண்ணப் போறேன். இங்க மிஷின் சத்தத்துல எல்லாருமே செவிடுதான், என்னைய யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது.'

வந்த அன்றிலிருந்து நான் தலைகீழாக நின்று கேட்ட அனுமதி இது. அந்த டொப்பும் முனகலும் என் உயிரை வாங்கியபோது, ஒரு தடவை சரி என்று சொல்லமாட்டாரா என்று உங்களைத் திட்டாத நாள் இல்லை. இப்போது சரி என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டாம். உங்கள் அனுமதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கழற்றமாட்டேன்.

எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து நின்றார். திருப்பி அனுப்பிவிட்டேன். 'அக்கா, நீங்கதானே உடைக்கச் சொல்லி உயிரை எடுத்தீங்க' என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார். பின்னறைக்கு மட்டும் வெளியிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்திருக்கிறார், ஃபிரிட்ஜையும் அதில் மாட்டிவிட்டார். பிள்ளைகளை இப்போது அங்கே தூங்கவைக்கிறோம். நெருக்கம்தான், ஒன்றின் மூக்கில் இன்னொன்றின் கால். ஆனாலும் தூங்குகின்றன. அவை தூங்கும் நேரத்தில் ஹாலில் ஃபியூஸைப் பிடுங்கி விடுகிறேன், உதவிக்கு வைத்திருக்கும் ஆயாம்மா வியர்க்க வியர்க்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நர்ஸம்மா நேற்று பிள்ளையை மறுபடி கொண்டுவந்து விட்டார். இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்தக் கூத்து என்று எனக்குத் தெரியாது.

காது கேட்காதவன் வந்து என்ன பண்ணுவேன் என்று கேட்கிறீர்கள். சுவருக்குள் போகிற ஒயர் எது, விளக்குக்குப் போவது எது, காலிங் பெல்லுக்குப் போவது எது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல்தானே நான் இங்கே முட்டி மோதுகிறேன்? அதைப் பார்க்கக் கண் வேண்டும், கை வேண்டும், அந்தக் குப்பைக்குள் தலையை விடப் பொறுமை வேண்டும். காது எதற்கு? பிரித்த பிறகு அந்தப் பெட்டிகளை வைத்துக்கொள்வதோ தூக்கிப் போடுவதோ உங்கள் இஷ்டம். ஆனால் அதை நீங்கள் ஹாலில் நின்று சொல்ல வேண்டும். அங்கே இருந்துகொண்டு கால் பக்கத்தில் எழுதி அனுப்பக்கூடாது.

சாயங்காலம் ஹாலை வாடகைக்கு விடுவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நடக்காமல் போகலாம். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குப் புரிகிறது, புரியாத மாதிரி பேச மாட்டேன். ஒரு பாட்டு ஓடும்போது பாதியில் நிறுத்தி, அந்தப் பக்க ஸ்பீக்கர் ஒரு நூல் பிந்தி வருகிறது என்று சொல்லுகிற மனுஷனுக்கு இது வந்திருக்க வேண்டாம். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இடம் வாங்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும்தான் ஆசைப்பட்டோம்.

ஒன்று சொல்லட்டுமா? ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் அழ ஆரம்பித்தால், எங்களுக்கு மண்டை வெடிக்கிறது. அந்த நேரத்துக்குக் காது கொஞ்சம் மந்தமான ஆள் ஒருவர் இருந்தால் எவ்வளவு வசதி தெரியுமா? சிரித்த முகமாகத் தூக்கி வைத்துக்கொள்வார். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. கோபம் வருகிறதா? வரட்டும், வந்து சண்டை போடுங்கள்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'காதுதானே போச்சு, ஆளு இருக்கான்ல, வரச் சொல்லு' என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து போய் உங்கள் பெட்டிகளை ஒட்டடை அடித்தார். மேலே கை எட்டாத இடத்தை என்னை அடிக்கச் சொன்னார், நானும் அடித்தேன்.

பெண்ணுக்கும் தெரியும். அவள் கணக்குப் பரீட்சைத் தாளை மடித்து என் கையில் கொடுத்து, இதைக் கடிதத்தோடு வை, அப்பா பார்க்கட்டும் என்றாள். வைத்திருக்கிறேன். மார்க்கைப் பார்த்து இப்போது ஒழுங்காகத் திட்டி எழுதுங்கள், அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

இது போய்ச் சேரும்போது மாதக் கடைசி நெருங்கியிருக்கும். அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பேனாவைத் தொடாதீர்கள். எனக்குக் கேட்கவில்லை, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை. நல்லபடியாக, முழு ஆளாக வந்து சேருங்கள், மற்றதை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நாள், எந்த விமானம் என்று மட்டும் எழுதுங்கள். நான் வருகிறேன். பின்னாலிருந்து உங்களைக் கூப்பிட மாட்டேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, உங்கள் முகத்துக்கு நேரே நிற்பேன்.

உங்கள்,
வீட்டுக்காரி